மேய்ந்தவர்கள் வேலியான கதை



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களிடம் விறகைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். காஸ் அடுப்பு வீட்டுக்குள் வராத காலம் அது. கிழட்டுப் பால்மரங்களை மறுநடவுக்காகச் சாய்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், வேலை முடிந்த கையோடு பாராங் கத்தியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு குடும்பமே கிளம்பிவிடும். வெட்டி, கட்டி, தலையில் சுமந்து வந்து, லயத்தின் பின்புறம் அடுக்கி வைத்துக் காயவிடுவார்கள். விறகு இல்லாத வீட்டில் அரிசி இருந்தும் பயனில்லை என்பது அந்தத் தலைமுறைக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இன்று நாம் பேசப்போவது, அப்படி விறகை நம்பிப் பிழைத்த ஏழை மக்களைப் பற்றியும், அவர்கள் கைபட்டுக் கெட்டுப்போன ஒரு காட்டைப் பற்றியும்தான். கெட்டதோடு கதை முடிந்திருந்தால் அதை வானொலியில் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. கெடுத்தவர்கள் என்று பழிக்கப்பட்டவர்களே அந்தக் காட்டை மீட்டார்கள். "வேலியே பயிரை மேய்ந்தால்" என்று நாம் பழமொழி சொல்வோம். இங்கே நடந்தது அதற்கு நேர்மாறு. மேய்ந்தவர்களே வேலியாக நின்றார்கள். அது எப்படி நடந்தது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

இந்தியாவின் மேற்கு வங்காள மாநிலத்தில் மேதினிப்பூர் என்று ஒரு பெரிய மாவட்டம் இருந்தது. 2002ஆம் ஆண்டில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். மேற்குப் பகுதிக்கு இப்போது மேற்கு மேதினிப்பூர் என்று பெயர். மேதினிப்பூர் நகரத்துக்கு வடக்கே உள்ள காட்டுப்பகுதிதான் அராபாரி. வங்காளம் என்றால் வயலும் ஆறும் மீனும் என்று நாம் நினைப்போம். அராபாரி அப்படிப்பட்ட இடமல்ல. செம்மண் பூமி. மண்ணுக்குள் இரும்புக்கல் போன்ற செம்பாறை. மழை பெய்தால் மேல்மண் ஓடிவிடும். வெயில் அடித்தால் தரை கல்லாகிவிடும். நெல் ஒரு போகம் விளைந்தால் அதுவே பெரிது. அங்கே வாழ்பவர்களில் சந்தாலர் முதலிய பழங்குடி மக்களும், சொந்தத்தில் ஓரிரு காணி நிலம் மட்டுமே உள்ள சிறு குடியானவர்களும், நிலமே இல்லாத கூலித் தொழிலாளரும் அதிகம்.

இந்த மண்ணுக்கு ஏற்ற மரம் ஒன்று உண்டு. அதுதான் சால மரம். நேராக வளரும், உறுதியானது, கறையான் எளிதில் அரிக்காது. புத்தர் பிறந்ததும் மறைந்ததும் சால மரங்களின் நிழலில்தான் என்று பௌத்த மரபு கூறுகிறது. நாம் சாம்பிராணியோடு சேர்த்துப் புகைக்கும் குங்கிலியத்தில் ஒரு வகை இந்த மரத்தின் பிசின்தான். நம் மலேசியக் காடுகளில் உள்ள மெராந்தி, செங்கால், கெருயிங் ஆகிய மரங்களும் சால மரமும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காட்டோரத்தில் சிறகு முளைத்த விதை ஒன்று சுற்றிச் சுற்றி இறங்குவதைப் பிள்ளைகள் பிடித்து விளையாடியிருப்பீர்கள். சால மரத்தின் விதைக்கும் அப்படித்தான் சிறகு உண்டு. ஆகவே நாம் பேசுவது அந்நிய மரத்தைப் பற்றியல்ல, நம் காட்டு மரத்தின் சொந்தக்காரனைப் பற்றித்தான்.

இந்தச் சாலக் காடு எப்படிக் கெட்டது? விறகு வெட்டிய ஏழைதான் காரணம் என்று சொல்வது எளிது. ஆனால் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1793ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன்படி ஜமீன்தார்கள் நிலத்துக்கு உடைமையாளர் ஆனார்கள். குறித்த தொகையைக் கம்பெனிக்குக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் நிலம் ஏலத்துக்குப் போகும். எனவே எந்த நிலத்திலிருந்து பணம் வருமோ அதன் மீதே ஜமீன்தாருக்குக் கண். காட்டைவிட வயலே வரி தரும். காட்டை அழித்து வயலாக்கும் வேலை வேகம் பிடித்தது. பிறகு பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பகுதிக்கு ரயில் பாதை வந்தது. ரயிலுக்குச் சிலிப்பர் கட்டை வேண்டும். சிலிப்பர் கட்டைக்குச் சால மரத்தைப் போன்ற மரம் கிடைப்பது அரிது. அதோடு, மரத்தை ஏற்றி நகரத்துக்குக் கொண்டுபோக அதே ரயில் வண்டி உதவியது. பெரிய மரங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன.

இந்திய விடுதலைக்குப் பின் ஜமீன்தாரி முறையை ஒழிக்கச் சட்டம் வந்தது. மேற்கு வங்காளத்தில் 1953ஆம் ஆண்டு அந்தச் சட்டம் நிறைவேறியது. நல்ல சட்டம்தான். ஆனால் காடு கைவிட்டுப் போகப்போகிறது என்று தெரிந்தவுடன் உடைமையாளர் பலர் என்ன செய்தார்கள் தெரியுமா? போகுமுன் வெட்டி விற்றுக் காசாக்கினார்கள். வனத்துறையின் கைக்குக் காடு வந்து சேர்ந்தபோது பல இடங்களில் அது பெயரளவில்தான் காடாக இருந்தது.

ஆக, ஜமீன்தாரும் ரயிலும் குத்தகைக்காரரும் எடுத்துப் போனபின் மிஞ்சிய எச்சத்தில்தான் ஏழை கைவைத்தான். நெல் அறுவடை முடிந்தபின் மாதக்கணக்கில் வேலை இல்லை. பிள்ளைகள் பசியோடு இருக்கின்றன. பக்கத்தில் காடு. ஒரு கட்டு விறகை வெட்டித் தலையில் சுமந்து நகரத்துச் சந்தையில் விற்றால் அன்றைக்கு அடுப்பு எரியும். அது சட்டப்படி குற்றம். வனக்காவலர் பிடித்தால் கத்தியைப் பறிப்பார், அபராதம் போடுவார், வழக்கும் வரும். மறுநாள் அதே ஆள் இன்னொரு கத்தியோடு காட்டுக்குப் போவான். வேறு வழி இல்லை. சில காவலர்கள், ஆயிரக்கணக்கான பசித்த வயிறுகள். யார் வெல்வார்கள்?

இப்படியே போனதில், 1970ஆம் ஆண்டு வாக்கில் அராபாரியில் மரம் என்று சொல்லத்தக்கது அதிகம் இல்லை. இடுப்பளவு புதர்கள், இடையிடையே மொட்டைத் திட்டுகள். ஆடும் மாடும் துளிரை மேயும். துளிர்த்தது வளருமுன் கத்தி வந்து நிற்கும்.

அந்த நேரத்தில் அங்கே வன ஆய்வு அதிகாரியாக வந்தவர் அஜித் குமார் பானர்ஜி. மரம் வளர்ப்பு ஆராய்ச்சி அவருடைய பொறுப்பு. அராபாரியில் சோதனைப் பாத்திகள் இருந்தன. இன்று நட்டால் நாளைக்கு ஆடு தின்னும். ஆடு விட்டதைக் கத்தி வெட்டும். ஆராய்ச்சி எப்படி நடக்கும்? முள்வேலி போடலாம், காவலரைக் கூட்டலாம், போலீசை அழைக்கலாம். இவையெல்லாம் பல ஆண்டுகளாகச் செய்து பார்த்துத் தோற்ற வழிகள். பானர்ஜி வேறொரு வழியை எடுத்தார். கிராமங்களுக்குப் போய் மக்களோடு உட்கார்ந்து பேசினார். விறகு விற்று ஆண்டுக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குக் கேட்டார்.

நேயர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். அதுவரை அதிகாரிகள் அவர்களைக் கேட்டது, "ஏன் வெட்டினாய்?" என்ற கேள்வியைத்தான். இவர் கேட்டதோ, "இதில் உனக்கு என்ன கிடைக்கிறது?" என்பது. முதல் கேள்வி ஒருவனைக் குற்றவாளி ஆக்குகிறது. இரண்டாவது கேள்வி அவனைக் குடும்பம் நடத்துகிற மனிதனாகப் பார்க்கிறது. கணக்கைப் போட்டுப் பார்த்தால், அவ்வளவு பாடுபட்டு, பயந்து பயந்து, மைல் கணக்கில் சுமந்து அவர்களுக்குக் கிடைத்தது சொற்பம். அதே வருமானத்தை நேர்மையான கூலியாகக் கொடுக்க முடிந்தால் அவர்கள் ஏன் திருட வேண்டும்?

1972ஆம் ஆண்டில் அந்தத் திட்டம் தொடங்கியது. 11 கிராமங்கள், 618 குடும்பங்கள். அவர்களுடைய பொறுப்பில் 1,272 ஹெக்டர் காடு. நம் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 3,140 ஏக்கர். ஒரு பெரிய தோட்டத்தின் அளவு. ஏற்பாட்டில் மூன்று அம்சங்கள் இருந்தன.

முதலாவது, வேலை. மொட்டைத் திட்டுகளில் மரக்கன்று நடுவது, புல் வளர்ப்பது, காட்டைப் பண்படுத்துவது, பின்னால் மரம் வெட்டுவது ஆகிய வேலைகள் எல்லாம் அந்தக் கிராமத்தாருக்கே. வெளியூர்க் கூலியாட்கள் இல்லை.

இரண்டாவது, அன்றாடத் தேவை. வீட்டுக்கு வேண்டிய விறகையும் மாட்டுக்கு வேண்டிய தழையையும் சிறு கட்டணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒளிந்து செய்ததை இனி வெளிப்படையாகச் செய்யலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். காடு வளர்ந்து, முறைப்படி மரம் வெட்டி விற்கும்போது, அந்த விளைச்சலில் 25 விழுக்காடு, அதாவது நாலில் ஒரு பங்கு, காவல் காத்த குடும்பங்களுக்கு. நம் முன்னோர் ஊரில் வாரத்துக்கு நிலம் உழுதவர்கள். விளைச்சலில் பங்கு என்றால் என்ன என்பது நமக்குத் தெரியும். கூலிக்கு உழுபவன் பொழுது சாய்வதைப் பார்ப்பான். வாரத்துக்கு உழுபவன் பயிர் சாய்வதைப் பார்ப்பான். அந்த வேற்றுமைதான் அராபாரியில் வேலை செய்தது.

பதிலுக்கு மக்கள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. காட்டைக் காக்க வேண்டும். தாங்களும் திருட்டுத்தனமாக வெட்டக்கூடாது. பிறரையும் வெட்ட விடக்கூடாது.

இதில் சால மரத்தின் இயல்பு பெரிதும் துணை நின்றது. சால மரத்தை அடியோடு வெட்டினாலும் அதன் வேர் சாவதில்லை. அடிக்கட்டையிலிருந்து நாலைந்து துளிர்கள் ஒன்றாகக் கிளம்பும். கரும்பை வெட்டியபின் கட்டையிலிருந்து மறுதாம்பு வருவதைப் போலத்தான். அராபாரியில் புதராக நின்றவை உண்மையில் புதர்களல்ல. ஆண்டுதோறும் வெட்டப்பட்டு வெட்டப்பட்டு வளரமுடியாமல் போன சால மரங்கள். தரைக்கு மேலே ஏழ்மை. தரைக்குக் கீழே பல ஆண்டுகளின் வேர்ச் செல்வம். சில ஆண்டுகள் கத்தியும் ஆடும் விலகி நின்றால் போதும், அந்த வேர் தானே மேலே வரும். பல துளிர்களில் நல்ல ஒன்றை விட்டு மற்றவற்றைக் கழித்தால், விட்டது நேராக உயரும். கழித்தது வீட்டுக்கு விறகாகும். பத்துப் பதினைந்து ஆண்டில் அது விலைபோகும் கம்பமாகிவிடும். விதை போட்டு ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியதில்லை.

அதனால் மக்கள் தங்கள் உழைப்பின் பலனைத் தங்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். இடுப்பளவு நின்றது தலைக்கு மேல் போயிற்று. நிழல் விழுந்தது. காய்ந்த இலை தரையை மூடியது. மழைநீர் ஓடிப்போகாமல் மண்ணில் இறங்கியது.

1983ஆம் ஆண்டில், ஒன்றுக்கும் உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்தக் காட்டின் மதிப்பு 12 கோடியே 50 இலட்சம் ரூபாய் என்று கணக்கிடப்பட்டது. பதினோராண்டில் நடந்த மாற்றம் இது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நாலில் ஒரு பங்கு என்பது தொடக்கத்தில் வாய்ச்சொல் வாக்குறுதிதான். அரசாங்க ஆணை எதுவும் அப்போது கையில் இல்லை. ஓர் அதிகாரியின் சொல்லை நம்பி 618 குடும்பங்கள் காட்டைக் காத்தன. அதிகாரிகள் மாறுவார்கள். ஆட்சி மாறும். ஒரு சொல்லை நம்பிப் பசியோடு காத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதைத் தோட்டத்துக் குடும்பங்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டில்தான் மேற்கு வங்காள அரசு அந்தப் பங்கை முறையான ஆணையாக வெளியிட்டது. திட்டம் தொடங்கி 15 ஆண்டுகள்! அந்த 15 ஆண்டுகளும் வாக்கு மீறாமல் நின்றவர்கள் யார்? படிக்காதவர்கள், காட்டுத் திருடர்கள் என்று ஏசப்பட்டவர்கள்தாம்.

அராபாரியைப் பார்த்து அக்கம்பக்கத்துக் கிராமங்களும் விழித்துக்கொண்டன. மேதினிப்பூர், பாங்குரா, புருலியா ஆகிய மாவட்டங்களில் ஊர் ஊராக வனப் பாதுகாப்புக் குழுக்கள் தோன்றின. 1989ஆம் ஆண்டில் மேற்கு வங்காள அரசு அந்தக் குழுக்களுக்கு அங்கீகாரம் அளித்தது. இந்திய நடுவணரசோ 1988ஆம் ஆண்டு புதிய வனக்கொள்கையை அறிவித்தது. காட்டை நம்பி வாழும் மக்களின் தேவைக்கு முதலிடம் தரவேண்டும் என்றும், காட்டைக் காப்பதில் மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அக்கொள்கை கூறியது. அதையொட்டி 1990ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள் எல்லா மாநிலங்களுக்கும் சுற்றறிக்கை போயிற்று. கூட்டு வன மேலாண்மை என்பது அத்திட்டத்தின் பெயர். 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 27 மாநிலங்களில் 63,000க்கும் மேற்பட்ட குழுக்கள், ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் ஹெக்டர் காட்டின் பொறுப்பை ஏற்றிருந்தன. தமிழ்நாட்டிலும் மலையடிவாரக் கிராமங்களில் வனக்குழுக்கள் அமைந்தன. அராபாரியில் ஓர் அதிகாரியும் 11 கிராமங்களும் தொடங்கியது இப்படி நாடு முழுவதும் பரவியது.

இதில் பெண்களின் பங்கு என்ன? காட்டுக்கும் பெண்ணுக்கும் உள்ள உறவு ஆணின் உறவைவிட நெருக்கமானது. ஆண் பார்ப்பது கம்பத்தை. அது பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் பணம். பெண் பார்ப்பது அன்றாடம் மடியில் கட்டிக்கொண்டு வரும் பொருளை. சால இலையைப் பறித்து, ஈர்க்குச்சியால் தைத்து, சாப்பாட்டுத் தட்டாக்கி விற்பார்கள். நம் ஊரில் மந்தாரை இலையைத் தைப்பார்களே, அதைப் போல. பீடி சுற்றும் இலையும் அந்தக் காட்டில் கிடைக்கும். நம் இலுப்பைக்கு உறவான மகுவா மரத்தின் பூவும் விதையும் கிடைக்கும். மழை விழுந்ததும் சால மரத்தடியில் காளான் முளைக்கும். அந்தக் காளான் சால மரத்தின் வேரோடு ஒட்டி உறவாடி வாழ்வது. மரம் இல்லையேல் காளானும் இல்லை. காடு திரும்பியபோது இவையும் திரும்பின. பத்தாண்டுக் கம்பத்துக்காகக் காத்திருந்த குடும்பத்தை இடையில் தாங்கி நின்றது பெண்கள் மடியில் கொண்டுவந்த இந்தச் சிறு வருமானம்தான்.

ஆயினும் குழுக்களில் தொடக்கத்தில் ஆண்களின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது. பின்னர் விதியைத் திருத்தி, கணவன் உறுப்பினரானால் மனைவியும் உறுப்பினரே என்றாக்கினார்கள். எழுத்தில் வந்தது உண்மைதான். கூட்டத்தில் எழுந்து பேசும் துணிவு வர இன்னும் காலம் பிடித்தது.

எல்லாம் இனிதே முடிந்தது என்று சொல்லி நான் உங்களிடம் விடைபெற்றால் அது உண்மைக்கு மாறாகும். மூன்று சங்கடங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதல் சங்கடம் நாம் எதிர்பாராதது. காடு வளர்ந்தது, யானை வந்தது! மேற்கே உள்ள தல்மா மலையிலிருந்து யானைக்கூட்டம் 1987ஆம் ஆண்டு முதல் மேதினிப்பூர்ப் பக்கம் இறங்கத் தொடங்கியது. நிழலும் மறைவும் கிடைத்தன; பக்கத்திலேயே விளைந்த நெல்லும் கிடைத்தது. ஓர் இரவில் ஒரு குடும்பத்தின் ஆண்டுச் சோறு யானையின் வயிற்றுக்குள் போய்விடும். மனித உயிர்களும் போயின, யானைகளும் மாண்டன. காட்டை வளர்த்தவனுக்குக் கிடைத்த கூலியா இது என்று கேட்டால் என்ன விடை சொல்வது? காட்டை மீட்பதில் வரும் நன்மையை நாடு முழுவதும் அனுபவிக்கிறது. நட்டம் மட்டும் காட்டோரத்துக் குடிசையில் வந்து விழுகிறது. அந்த நட்டத்தை நாடு பகிர்ந்துகொள்ளாவிட்டால் அடுத்த தலைமுறை காட்டைக் காக்க முன்வராது.

இரண்டாவது சங்கடம், பங்குக்குள் பங்கு. காட்டை மூடிக் காக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் வருமானம் குறையும். நிலம் உள்ளவன் அதைத் தாங்குவான். நாள்தோறும் ஒரு கட்டு விறகு விற்றுச் சாப்பிட்ட விதவைத் தாய் எப்படித் தாங்குவாள்? அராபாரியில் முதலில் வேலை கொடுத்துவிட்டுப் பிறகு காவல் கேட்டார்கள். அந்த வரிசையை மறந்துவிட்டுப் பல ஊர்களில் காவலை மட்டும் கேட்டார்கள். அங்கெல்லாம் காட்டைக் காத்த சுமை மிக ஏழையின் தலையில் விழுந்தது.

மூன்றாவது, அதிகாரம் யார் கையில் என்பது. மக்கள் காத்தார்கள், பங்கு பெற்றார்கள். ஆனால் எந்த மரத்தை நடுவது, எப்போது வெட்டுவது, கணக்கை எப்படி எழுதுவது என்பதைப் பெரும்பாலும் வனத்துறையே முடிவு செய்தது. காட்டின் மீது மக்களுக்கு உரிமை இல்லை, சலுகைதான். இந்தக் குறையைப் பேசிப் பேசித்தான், 2006ஆம் ஆண்டில், காட்டில் வாழும் மக்களின் உரிமையை ஏற்கும் சட்டம் இந்திய நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அராபாரி முடிவான விடையல்ல. ஆனால் அது போட்ட ஒற்றையடிப் பாதை வழியாகத்தான் பிறகு பெரிய பாதை வந்தது.

நேயர்களே, கெட்ட நிலத்தைக் காடாக்கிய கதை நம் நாட்டிலும் உண்டு. கோலாலம்பூருக்கு அருகே கெப்போங்கில் இருக்கும் வன ஆராய்ச்சிக் கழகத்தைப் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலாவாகப் போய்ப் பார்த்திருக்கலாம். வானளாவிய மரங்களைப் பார்த்து அது ஆதிகாலக் காடு என்று நினைப்பவர்கள் உண்டு. அது மனிதர் நட்ட காடு. 1920களில் அந்த இடம் ஈயம் தோண்டிக் கைவிடப்பட்ட குழிகளும் காய்கறிப் பாத்திகளுமாகக் கிடந்தது. பாக்ஸ்வொர்த்தி என்ற வன அறிஞர் அந்தப் பாழிடத்தைத் தேர்ந்தெடுத்தார். 1929ஆம் ஆண்டில் அங்கே ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஆண்டாண்டாக மரங்களை நட்டு வளர்த்தார்கள். 2025ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அந்தக் காட்டை உலக மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது.

கெப்போங்கையும் அராபாரியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும். கெப்போங்கில் பழைய வேர்கள் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக நட வேண்டியிருந்தது. அராபாரியில் வேர் இருந்தது. அதை வளரவிட மனிதர்கள்தாம் தேவைப்பட்டார்கள். ஆகவே கெட்ட காட்டைக் கண்டால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை கன்று நடலாம்?" என்பதன்று. "மண்ணுக்குள் இன்னும் என்ன உயிரோடு இருக்கிறது? அதை வளரவிடாமல் தடுப்பது எது?" என்பதுதான். தடுப்பது மண்ணின் குறையானால் மண்ணைத் திருத்தலாம். தடுப்பது மனிதனின் பசியானால், அந்தப் பசிக்கு வழிசெய்யாமல் ஆயிரம் கன்று நட்டாலும் ஒன்றும் நிற்காது.

இன்று பல நாடுகளில் இலட்சம் மரம், கோடி மரம் என்று நடுவிழா நடக்கிறது. படம் பிடிக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் விழா முடிந்து கார்கள் போனபின் அந்தக் கன்றுக்குப் பக்கத்தில் வாழப்போவது யார்? அந்த ஊர்க்காரனுக்கு அந்த மரத்தில் பங்கு உண்டா? அவன் வீட்டு அடுப்புக்கு வேறு வழி உண்டா? அவனிடம் யாராவது கணக்குக் கேட்டார்களா? இந்தக் கேள்விகளுக்கு விடை இருந்தால் மரம் நிற்கும்.

பிறர் நிலத்தில் பிறருக்காகக் காடு வெட்டி, மரம் நட்டு, பால் எடுத்து, தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்கள் நம் தோட்டத்து மக்கள். ஒரு மரத்தை வளர்ப்பதற்கும் அந்த மரத்தில் பங்கு பெறுவதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பது நம்மைவிட யாருக்குத் தெரியும்? அதனால்தான் அந்த 618 குடும்பங்களின் கதையை இன்று உங்களுக்குச் சொல்லத் தோன்றியது. உழைப்பவனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லை நம்பி 15 ஆண்டுகள் காவல் நின்றார்கள். இடுப்பளவுப் புதர் காடாக எழுந்தது.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இன்றிரவு அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். அப்படியே, அந்தக் காலத்தில் நீங்கள் விறகு சுமந்த கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே பாடத்தைத்தான் கற்பிக்கும்.